இயந்திரத்திடம் பாடம் கேட்டவர்

அமெரிக்க நாட்டின் தலைநகராகிய வாஷிங்டனில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில், கிளிங்க்ஸ்கேல்ஸ் அம்மையார் என்னும் பியானோ ஆசிரியை ஒருவர் இருந்தார். பருவ முடிவில் தம் மாணவர்களையெல்லாம் மேடையேற்றி, பெற்றோர் முன்னிலையில் வாசிக்கச் செய்வார். அப்படி நடந்த நிகழ்ச்சி ஒன்றில் மற்றப் பிள்ளைகள் தத்தம் பங்கை வாசித்து முடித்தனர். ஒரு சிறுவனுக்கு மட்டும் பாடம் வரவில்லை. வேறு வழியின்றி ஆசிரியையே அவனருகில் அமர்ந்து, இசையின் உயிராகிய மேற்பகுதியைத் தாம் வாசித்தார். கீழ்ப்பகுதியில் ஒரே சீராகத் தட்டிக்கொண்டிருக்கும் எளிய பங்கு அவனுக்கு விடப்பட்டது. பந்தாட்டத்தின் மீது கொண்ட மோகத்தால் வகுப்புக்குச் சென்ற நாள்களை விடச் செல்லாத நாள்களே அவனுக்கு மிகுதி. நம்மில் சிலருக்கு இச்செய்தி புதிதாகத் தோன்றாது.

அச்சிறுவன்தான் பின்னாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இசைப் படைப்புகளை ஆக்கி, ஐம்பது ஆண்டுகள் இசைக்குழு நடத்தி, ஜாஸ் இசையின் தலைமகனாகப் போற்றப்பட்ட டியூக் எலிங்டன். அவருடைய புகழைப் பாடுவதற்குப் பலர் உள்ளனர். தொடக்க நிலையில் இருந்த ஓர் இளைஞர், அக்காலத்தில் பலரும் விரும்பிக் கேட்ட ஒரு ஜாஸ் மெட்டைப் பியானோவில் எவ்வாறு கற்றார் என்பதையே நான் இங்கு விரித்துக் கூற விரும்புகிறேன். அவர் வாழ்வின் மற்றப் பகுதிகள் அதன் பின்னே வரட்டும்.

எட்வர்ட் கென்னடி எலிங்டன் 1899-ஆம் ஆண்டு ஏப்ரல் 29-ஆம் நாள் பிறந்தார். தந்தை ஜேம்ஸ் எட்வர்ட், வெள்ளைக்கார மருத்துவர் ஒருவரின் இல்லத்தில் பணியாளர் தலைவராக இருந்தவர்; பிற்காலத்தில் கடற்படை அலுவலகத்தில் வரைபடப் படி எடுக்கும் வேலை பார்த்தார். தாய் டெய்சி. இருவருமே பியானோ வாசிப்பர். அன்னை ஏட்டைப் பார்த்து மென்மையாக வாசிப்பார். தந்தையோ காதால் கேட்டதைக் கையால் தேடிப் பிடிப்பார். ஒருநாள் விளையாட்டில் பந்தடிக்கும் மட்டை மகனின் தலையில் பட்டுவிட்டது. அதைக் கண்டு கலங்கிய அன்னை, மட்டையைக் காட்டிலும் பியானோ பத்திரமானது என்று எண்ணியே அவரைக் கிளிங்க்ஸ்கேல்ஸ் அம்மையாரிடம் சேர்த்தார். அப்பொழுது அவருக்கு ஏழு வயதிருக்கும். அந்தப் படிப்பு எப்படி முடிந்தது என்பதைத்தான் மேலே கண்டோம்.

பின்னர்ச் சில ஆண்டுகள் அவர் பியானோவின் பக்கமே திரும்பவில்லை. பந்தாட்ட அரங்கில் வேர்க்கடலை விற்றார். ஓவியத்தில் கை நன்றாக ஓடியது. கறுப்பின மாணவருக்கென இருந்த ஆர்ம்ஸ்டிராங் தொழிற்பள்ளியில் சேர்ந்து வணிக ஓவியம் பயின்றார். அக்காலத்தில் வாஷிங்டனின் பள்ளிகள் நிறத்தால் பிரிக்கப்பட்டிருந்தன என்பதை நாம் மறந்துவிடலாகாது.

பள்ளிப் பருவத்துக் கோடை விடுமுறை ஒன்றில் ஆஸ்பரி பார்க் என்னும் கடற்கரை ஊரில் தட்டுக் கழுவும் வேலை பார்த்தார். அங்கு உணவு பரிமாறுவோரின் தலைவர், பிலடெல்பியாவில் ஹார்வி புரூக்ஸ் என்னும் இளைஞர் பியானோவில் புயலெனப் புகுந்து விளையாடுகிறார் என்று சொன்னார். ஊர் திரும்பும் வழியில் எலிங்டன் அங்கு இறங்கி அவர் வாசிப்பைக் கேட்டார். ஏறத்தாழத் தம் வயதொத்த ஒருவரின் இடக்கை அப்படித் துள்ளுவதைக் கண்டதும், தாமும் பியானோ வாசித்தே தீர வேண்டும் என்னும் வெறி அவரைப் பற்றிக்கொண்டது. வீட்டிற்கு வந்து பியானோ முன் அமர்ந்தார். கேட்டதில் ஒன்றும் வரவில்லை. காது விரும்பியதை விரல் தர மறுத்தது. கற்கத் தொடங்கும் எவர்க்கும் நேரும் முதல் துன்பம் இதுவே.

அந்நாளில் சளியும் இருமலுமாக இரண்டு வாரங்கள் வெளியே செல்ல முடியாமல் வீட்டில் அடைபட்டார். பொழுது போகாமல் கட்டைகளைத் தட்டித் தட்டிப் பார்த்ததில் ஒரு மெட்டு உருவாயிற்று. 'பூடில் டாக்' என்னும் கடையில் சோடா கலந்து கொடுக்கும் வேலையில் அப்பொழுது இருந்தமையால், அதற்குச் 'சோடா ஃபவுன்டன் ராக்' என்று பெயரிட்டார். அவர் கைவசம் இருந்த மெட்டு அது ஒன்றே. விருந்துகளில் மேலும் வாசிக்கச் சொன்னால் என் செய்வது? அதே மெட்டை ஒருமுறை வால்ட்ஸ் நடையிலும், அடுத்த முறை டாங்கோ நடையிலும், மற்றொரு முறை விரைந்த நடையிலும் வாசித்தார். கேட்டவர்கள் ஒவ்வொன்றையும் புதிய மெட்டென்றே நம்பினர்! இதை ஏமாற்று வேலை என்று சிலர் சொல்லலாம். என் எண்ணம் வேறு. ஒரே பொருளைப் பலவாறு திருப்பிப் பார்க்கும் பழக்கம் அவருக்கு அந்த வறுமையில்தான் வந்தது.

அவர் வயதுச் சிறுவர்கள் நுழையக்கூடாத இடம் ஒன்று அப்பகுதியில் இருந்தது. ஹவார்டு நாடக அரங்கை அடுத்திருந்த ஃபிராங்க் ஹாலிடேயின் பில்லியர்ட்ஸ் கூடமே அது. சட்டம் பயிலும் மாணவர்கள், ரயில் பணியாளர்கள், சூதாடிகள் எனப் பலவகை மாந்தர் கூடுமிடம். நகரின் பியானோக் கலைஞர்கள் அங்கு வந்து மாறி மாறி வாசிப்பார்கள். சிலர் முறைப்படி கற்றவர்கள். சிலர் ஏடறியாமல் காதாலேயே கற்றவர்கள். இவ்விரு சாராரும் ஒருவர் கையை ஒருவர் உற்றுப் பார்த்துக் கற்றனர். எலிங்டன் இருவர்க்கும் நடுவில் நின்று கேட்டார். அவர்களுள் ஆலிவர் பெர்ரி என்பவர் அவரைத் தம் வீட்டிற்கு அழைத்து, ஏட்டிசையைப் படிக்கும் முறையை அன்போடு சொல்லித் தந்தார். 'டாக்' பெர்ரி என்று எல்லாரும் அவரை அழைப்பர். ஹென்றி கிராண்ட் என்னும் பள்ளி இசையாசிரியரிடம் சுர இணைவுகளின் இலக்கணத்தையும் பின்னர்ப் பயின்றார். ஆயினும் பெரிய மெட்டு ஒன்றை முழுமையாக வாசிக்கும் ஆற்றல் அவருக்கு இன்னும் கைகூடவில்லை.

இனி அந்த மெட்டிற்கு வருவோம்.

ஜேம்ஸ் பி. ஜான்சன் என்பவர் 1894-இல் நியூ ஜெர்சியில் பிறந்து நியூயார்க்கில் புகழ்பெற்ற பியானோக் கலைஞர். நியூயார்க்கின் 'ஜங்கிள்ஸ் காசினோ' என்னும் ஆடற்கூடத்தில் அவர் வாசித்து வந்தார். தென் கரோலினா, ஜார்ஜியா மாநிலங்களின் கடற்கரைப் பகுதிகளிலிருந்து பிழைப்புத் தேடி வந்த கறுப்பின உழைப்பாளர்கள் இரவெல்லாம் அங்கு ஆடுவார்கள். ஊரில் ஆடிய ஆட்டத்திற்கேற்ற இசையை அவர்கள் கேட்டார்கள். வட்டமாக நின்று பாடிச் சுற்றிவரும் பழைய வழிபாட்டு ஆட்டமொன்றுக்கு அவர்கள் நாட்டில் 'ஷவுட்' என்று பெயர். அவர்களுடைய காலடிக்கேற்ப ஜான்சன் அமைத்த மெட்டுகளுள் ஒன்றே 'கரோலினா ஷவுட்'. அக்காலத்துப் பியானோக் கலைஞர்களுக்கு அதுவே தேர்வுத் தாள் என்று சொல்லலாம். அதை வாசிக்க இயலாதவரைக் கலைஞர் கூட்டம் பொருட்படுத்தாது.

அதில் என்ன கடுமை? பியானோவில் 88 கட்டைகள் உண்டு. நம் ஆர்மோனியத்தில் காணும் அதே வெள்ளை, கறுப்புக் கட்டைகளே. ஆனால் பல மடங்கு நீளம். இவ்வகை மெட்டில் இடக்கை முதலில் கீழ்க்கோடியில் ஒரு சுரத்தைத் தொடும். உடனே நெடுந்தொலைவு தாவி நடுப்பகுதியில் மூன்று நான்கு சுரங்களை ஒருசேர அழுத்தும். மீண்டும் கீழே வரும். விரைந்து நடப்பவனின் எட்டு போல இது ஓயாது நிகழ்வதால் இந்நடைக்கு 'ஸ்டிரைடு' என்று பெயர் வந்தது. கண் இடக்கையைக் காத்துக்கொண்டிருக்க முடியாது. வலக்கை அதற்குள் தன் போக்கில் மெட்டைக் குலுக்கிக்கொண்டிருக்கும். இத்துடன் நின்றால் பழகிவிடலாம். 'கரோலினா ஷவுட்'டில் இடக்கையே இடையிடையே ஒழுங்கை மாற்றுகிறது. இரண்டிரண்டாக நடந்து வந்தது திடீரென மூன்று, மூன்று, இரண்டு என எட்டைப் பிரித்துக்கொள்ளும். கேட்பவர்க்கு இன்பமாக இருக்கும். கற்பவர்க்குக் கால் இடறும்.

இதை ஏட்டைப் பார்த்து வாசிக்க எலிங்டனுக்கு அன்று பயிற்சி போதாது. இசைத்தட்டை மெதுவாக ஓடவிட்டுக் கேட்கலாமே என்றால், தட்டின் வேகம் குறையக் குறையச் சுரமும் தாழ்ந்துவிடும். கேட்பது ஒன்று, வாசிக்க வேண்டியது வேறொன்று ஆகிவிடும். அப்பொழுது டிரம் வாசிக்கும் நண்பராகிய பெர்சி ஜான்சன் கைகொடுத்தார். அவர் வீட்டில் தானியங்கிப் பியானோ ஒன்று இருந்தது.

இக்கருவியைப் பற்றி இரண்டொரு சொல். அக்காலத்தில் அமெரிக்காவில் இது வெகுவாகப் பரவியிருந்தது. பதினொன்றேகால் அங்குல அகலமுள்ள தாள் சுருளில் வரிசை வரிசையாகத் துளைகள் இருக்கும். காலால் மிதித்தால் உள்ளிருக்கும் துருத்திகள் காற்றை உறிஞ்சும். சுருள் ஓடும்பொழுது, ஒரு துளை தன் இடத்திற்கு நேரே வந்ததும் காற்று அதன் வழியே புகும். அக்கட்டை தானே கீழே இறங்கிச் சுரம் எழுப்பும். கண்ணுக்குத் தெரியாத ஒருவர் அமர்ந்து வாசிப்பது போலவே இருக்கும். ஜேம்ஸ் பி. ஜான்சன் தாமே வாசித்துப் பதிந்த 'கரோலினா ஷவுட்' சுருள்களும் விற்பனைக்கு வந்திருந்தன. சுருளின் வேகத்தை வேண்டியபடி குறைக்க ஒரு சிறு நெம்பும் உண்டு. இசைத்தட்டைப் போலன்றி, எவ்வளவு மெதுவாக ஓடினாலும் சுரம் மாறாது. ஏனெனில் எழுகின்ற ஒலி அந்தப் பியானோவின் சொந்தக் கம்பியிலிருந்து எழுகின்ற ஒலி.

பெர்சி சுருளின் வேகத்தைக் குறைத்தார். புயல் போன்ற மெட்டு ஆமை நடை நடந்தது. எந்தக் கட்டை எப்பொழுது இறங்குகிறது என்பதை எலிங்டன் கண்ணால் கண்டார். இறங்கிய கட்டைகளின் பள்ளத்தில் தம் விரல்களைப் பொருத்திப் பார்த்தார். காதுக்குப் பிடிபடாமல் போன தாவல்களும் இடறல்களும் கண்ணுக்குப் பிடிபட்டன. இப்படியே சிறிது சிறிதாகச் சுரம் பிசகாமல் அந்த மெட்டு முழுவதையும் மனத்தில் ஏற்றினார். அக்கருவி ஒன்றை மட்டும் சொல்லித் தராது: கட்டையைக் காட்டுமேயன்றி விரலைக் காட்டாது. நடுவில் இறங்கும் சுரம் இடக்கையினதா வலக்கையினதா, கட்டை விரலா சுட்டு விரலா என்பதையெல்லாம் கற்பவனே முடிவு செய்தாக வேண்டும். தட்டச்சுப் பயிலகத்தில் விரல் மாற்றி அடித்து, ஆசிரியரிடம் குட்டு வாங்கிய எனக்கு, இது எத்தனை பெரிய குறை என்று தோன்றியதுண்டு. இப்பொழுது நினைத்தால், அதனால்தான் அந்த மெட்டு அவர் கைக்குச் சொந்தமாயிற்றோ என்றும் தோன்றுகிறது.

ஃபேட்ஸ் வாலர் என்னும் மற்றொரு புகழ்பெற்ற கலைஞரும் நியூயார்க்கில் இதே மெட்டை இதே வகையில் தானியங்கிப் பியானோவிடம் கற்றார் என்பது வியப்பான செய்தி. அவருக்குப் பின்னர் ஜான்சனே நேரில் ஆசிரியராக அமைந்தார்.

1921-ஆம் ஆண்டு இறுதியில் ஜேம்ஸ் பி. ஜான்சன் வாஷிங்டன் நகரின் கன்வென்ஷன் மண்டபத்தில் வாசிக்க வந்தார். எலிங்டனின் நண்பர்கள் சும்மா இருக்கவில்லை. நம் ஊர்ப் பிள்ளையும் இதை வாசிப்பான் என்று ஆரவாரம் செய்து, மேடைக்குப் போகும்படி அவரைத் தள்ளினர். எந்த மெட்டை எவர் ஆக்கினாரோ, அவர் முன்னிலையில் அதே மெட்டை வாசிப்பதென்றால் எப்படி இருக்கும்? அதிலும், கிளிங்க்ஸ்கேல்ஸ் அம்மையாரின் மேடையில் தம் பங்கை வாசிக்க முடியாமற் போனவர் அவர். இம்முறை பக்கத்தில் அமர்ந்து கைகொடுக்க எவரும் இல்லை. அச்சத்தால் உடல் விறைத்தது. ஆயினும் அமர்ந்தார், வாசித்தார். ஒரு காலத்தில் அவரிடம் எளிதென்று விடப்பட்ட அந்த இடக்கைப் பகுதி இப்பொழுது கீழ்க்கோடிக்கும் நடுவிற்கும் தாவித் தாவிச் சென்று சரியான இடத்தில் இறங்கியது. வாசித்து முடிந்ததும் கூட்டத்தோடு ஜான்சனும் கைதட்டினார்.

அதன்பின் அவ்விரவு எலிங்டன் கட்டையைத் தொடவில்லை. பியானோவின் மீது சாய்ந்து நின்று ஜான்சனின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். இயந்திரம் காட்டாத விரல்களை அன்றுதான் அவர் நேரில் கண்டார். நிகழ்ச்சி முடிந்தபின் நகரைச் சுற்றிக்காட்டும்படி ஜான்சன் அவரையே அழைத்துச் சென்றார். மறுநாள் காலை பத்து மணி வரை இருவரும் பிரியவில்லை. இசைக் கல்லூரியில் ஒரு பருவம் முழுவதும் கற்கக்கூடியதை அந்த ஓரிரவில் கற்றதாக எலிங்டன் தம் தன்வரலாற்றில் எழுதியுள்ளார்.

பிந்திய வரலாறு உலகறிந்தது, சுருக்கமாகக் கூறுகிறேன். முன்னரே, பள்ளிப்படிப்பு முடியச் சில மாதங்கள் இருந்தபொழுது வெளியேறியிருந்தார். புரூக்ளினிலிருந்த பிராட் நிலையம் ஓவியம் பயில அளித்த உதவித்தொகையையும் ஏற்கவில்லை. விளம்பரப் பலகை எழுதும் தொழிலோடு சிறு இசைக்குழுவும் நடத்தினார். நடன விழாவிற்குப் பலகை எழுத வருவோரிடம் இசைக்கு யாரை அமர்த்தியுள்ளீர்கள் என்று கேட்பார். இசைக்கு அழைக்க வருவோரிடம் பலகை எழுதியாயிற்றா என்று கேட்பார். தொடக்க காலத்தில் நிகழ்ச்சி ஒன்றுக்கு அவர் வீட்டிற்குக் கொண்டுசென்ற ஊதியம் 75 சென்ட். 1923-இல் நண்பர்களோடு நியூயார்க் சென்றார். கைப்பணம் கரைந்து பட்டினி கிடந்த வேளையில் தெருவில் 15 டாலர் கண்டெடுத்து, அதைக் கொண்டு உண்டு ஊர் திரும்பினார்கள். அதே ஆண்டில் மீண்டும் சென்றார். 1927 டிசம்பர் 4-ஆம் நாள் ஹார்லெமிலுள்ள 'காட்டன் கிளப்' விடுதியில் அவர் குழு இடம்பெற்றது. அங்கு மேடையில் இருந்தோர் கறுப்பினக் கலைஞர்கள். எதிரே அமர வெள்ளையர்க்கு மட்டுமே உரிமை. வானொலி வழியாக அக்குழுவின் இசை நாடெங்கும் பரவியது. 1930-இல் 'மூட் இண்டிகோ' வெளிவந்தது. 1935-இல் அன்னை மறைந்தார். அத்துயரைத் தாங்கி அவர் ஆக்கிய நெடும்படைப்பு 'ரெமினிசிங் இன் டெம்போ'. 1943 ஜனவரி 23-இல் கார்னகி மண்டபத்தில் தம் மக்களின் வரலாற்றையே பொருளாகக் கொண்ட படைப்பை அரங்கேற்றினார்.

1963-இல் அமெரிக்க அரசின் சார்பில் அவர் குழு மேற்கொண்ட பயணத்தில் நம் நாட்டிற்கும் இலங்கைக்கும் வந்தது. டில்லியில் அவருடைய உடனுழைப்பாளர் பில்லி ஸ்டிரேஹார்ன் தங்கிய அறைக்கருகே மைனா ஒன்று ஒரே சுர வரிசையைத் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டிருந்ததாம். 1966-இல் பதிவான 'ஃபார் ஈஸ்ட் சூட்' என்னும் படைப்பில் அந்த மைனா கிளாரினெட்டின் குரலில் இன்றும் பாடுகிறது. 1969-இல் தம் எழுபதாம் பிறந்தநாளன்று வெள்ளை மாளிகையில் நாட்டின் உயர்ந்த குடிமக்கள் விருதைப் பெற்றார். விருந்துக் காலங்களில் அவர் தந்தை பணியாளராகச் சென்று வந்த மாளிகை அது.

புகழ் வந்தபின்னும் அவர் தம்மைப் பெரிய பியானோக் கலைஞர் என்று சொல்லிக்கொள்ளவில்லை. தம் குழுவே தம் கருவி என்பது போல நடந்துகொண்டார். ஆயினும் குழுவின் ஓசைக்கு நடுவே அவர் இடக்கை திடீரென்று கீழே தாவி மீளும்பொழுது ஜான்சனின் நடை தெளிவாகவே கேட்கும். 1972-இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில் ஏறத்தாழத் தனியாகவே அமர்ந்து வாசித்தபொழுது, சோடாக் கடைக் காலத்து மெட்டையும் நினைவுகூர்ந்து வாசித்துக் காட்டினார். 1974 மே 24-ஆம் நாள் இறந்தார். இறுதி வழிபாட்டிற்குப் பல்லாயிரவர் திரண்டனர்.

அவருக்கு முன்பே, 1955-இல் ஜேம்ஸ் பி. ஜான்சன் மறைந்திருந்தார். 'சார்ல்ஸ்டன்' என்னும் மெட்டால் ஒரு தலைமுறையையே ஆட வைத்தவர் அவர். நியூயார்க் நகரின் குவீன்ஸ் பகுதியில் அவரை அடக்கம் செய்தனர். அங்குப் பெயர் பொறித்த கல்கூட இல்லை. 54 ஆண்டுகள் கழித்து, பியானோக் கலைஞர்கள் நிதி திரட்ட இசை நிகழ்ச்சி நடத்தினர். அதன் பயனாக அங்கு ஒரு கல் நாட்டப்பட்டது.